எங்கள் லயத்துக்கு ஆசிலோஸ்கோப் வந்த சனி ஞாயிறு

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய முதல் உருப்படியான பைத்தான் நிரல் மூன்றே வரிகள். முதல் வரி, கேபிளின் மறுமுனையில் இருக்கும் ஆசிலோஸ்கோப்பைத் தேடிப் பிடிக்கும். இரண்டாவது வரி, ‘நீ யார்?’ என்று அதைக் கேட்கும். மூன்றாவது, அது சொல்லும் பதிலைத் திரையில் எழுதும். பட்டனைத் தட்டியதும் ஸ்கோப் தன் மாடலையும் வரிசை எண்ணையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் சோதனை அறையில், குளிர்சாதனம் பல்லைக் கிட்டவைக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் மூன்று முறை அதன் பெயரைக் கேட்டேன். மூன்று முறையும் சலிக்காமல் சொன்னது.

அதைப் பார்த்த என் மேலாளர், நடுத்தர வயதுச் சீனர், “அது மறந்துபோயிருக்கும்னு நினைச்சியா?” என்று மலாயில் கேட்டார். எனக்கு வெட்கமாக இல்லை. எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். நான் எழுதிய வரிக்கு ஒரு இயந்திரம் பதில் சொல்வதை முப்பது முறை கேட்டாலும் எனக்கு அலுத்திருக்காது.

ஆசிலோஸ்கோப் என்பது மின்சாரத்தை வரைந்து காட்டும் பெட்டி. மின்னழுத்தம் நொடிக்கு நொடி எப்படி ஏறி இறங்குகிறது என்று திரையில் கோடு போடும். கையால் குமிழைத் திருகியும் அதை ஓட்டலாம். பைத்தானில் நிரல் எழுதினால் அதுவே அளக்கும், கணக்குப் போடும், கோப்பில் எழுதி வைக்கும், நாம் போய்ப் பசியாறிவிட்டு வரலாம். என் வேலையே அதுதான். அந்த வேலை என் அம்மாவுக்குப் பயன்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

அம்மா மாவு விற்கிறார். தோசை மாவு. எங்கள் வீடு பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றாக, இருக்கிறது. ரப்பரை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டு இருபது வருடம் ஆகிறது, ஆனாலும் எல்லாரும் லயம் என்றுதான் சொல்கிறோம். முன்பு அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தார். குத்தகைக்காரரின் சூப்பர்வைசர் கழிப்பறைக்குப் போவதற்குக்கூட நேரம் குறிப்பார். நான்கு வருடத்துக்கு முன் அதை விட்டுவிட்டு, சாய்க்கும் கல் போட்ட பெரிய கிரைண்டர் ஒன்றை வாங்கினார். தஞ்சோங் ரம்புத்தானில் இரண்டு சாப்பாட்டுக் கடை, ஈப்போவில் ஒன்று, சுற்றிலும் இருக்கிற வீடுகள் எல்லாம் அவர் மாவுதான். யாருக்கும் கைகட்டி நிற்காத வேலை என்று அடிக்கடி சொல்வார்.

அந்தக் கிரைண்டரின் மோட்டார் மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை எரிந்துபோனது. இரண்டு முறையும் ஒரே மாதிரி. அம்மா அரிசியைப் போட்டுவிட்டுப் பின்னால் பாத்திரம் கழுவப் போவார். கல் நின்றுவிடும், மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டே இருக்கும், புகை வந்த பிறகுதான் தெரியும். மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுப்பவர் இரண்டாவது முறையே சொல்லிவிட்டார்: இன்னொரு முறை எரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அம்மா ஒரு முடிவோடு இருந்தார். பழைய சூப்பர்வைசர் ஆள் கிடைக்காமல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலைக்குள் வருகிறேன் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும்.

“திரும்பவும் எரிஞ்சா நான் என்ன செய்ய? கடைக்காரங்க எத்தன நாள் காத்துக்கிட்டு இருப்பாங்க? போயிடலாம்னு இருக்கேன்” என்றார் தொலைபேசியில், ஈப்போவில் தங்கி வேலை பார்க்கும் என்னிடம். அம்மா குரலைத் தாழ்த்திப் பேசுவது வழக்கமே இல்லை.

லயத்தில் எல்லாருக்கும் காரணம் தெரியும். செம்பனை மில்தான். மில் ஓடும்போது மில்லுக்காரன் கரண்டை உறிஞ்சிவிடுகிறான், நம் வீட்டு விசிறி சுற்றமாட்டேன் என்கிறது. இதைச் சொல்லி மில்லுக்கு மூன்று கடிதம் போயிருந்தது. மூன்றையும் நல்ல மலாயில், பத்தி பிரித்து, காரசாரமாக எழுதியது நான்தான். பதில் வரவில்லை. ஆதாரம் இல்லாமல் எவன் பதில் போடுவான்? ஆதாரம் எடுக்கிற பெட்டிதான் என் மேசை மேல் இருக்கிறதே என்று அந்தத் தொலைபேசிப் பேச்சின் நடுவில்தான் எனக்கு உறைத்தது.

மேலாளரிடம் கேட்டேன். புதிய ஸ்கோப் கிடையாது, மூலையில் இருக்கும் பழையதை எடுத்துக்கொண்டு போ, திங்கள் காலை எட்டு மணிக்கு இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைத் துண்டில் சுற்றி என் காரின் முன் இருக்கையில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டேன்.

வீட்டுச் சுவரில் வரும் மின்சாரத்தை ஸ்கோப்பில் நேராக மாட்டக் கூடாது. மாட்டினால் ஸ்கோப்பும் போகும், ஆளும் போகலாம். அதனால் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் கொண்டுவந்திருந்தேன். இருநூற்று நாற்பது வோல்ட்டை ஒன்பதாகக் குறைத்துக் கொடுக்கும். அலையின் வடிவம் மாறாது, அளவு மட்டும் சின்னதாகும். நிரலில் பெருக்கிக்கொண்டால் போதும். சமையல்கட்டு அலமாரியின் மேல் எல்லாவற்றையும் அடுக்கி, கேபிளை என் மடிக்கணினியில் சொருகினேன்.

நிரல் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஸ்கோப்பிடம் இரண்டிரண்டு வினாடித் துண்டாக அலையைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு அலையும் எவ்வளவு உயரம் என்று பார்த்து, அந்த அளவைத் திரையில் கோடாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். இருநூறு வோல்ட்டுக்குக் கீழே போனால், நேரத்தைக் குறித்து, அந்தத் துண்டைச் சேமித்து, ‘டிங்’ என்று ஒரு சத்தம் போட வேண்டும். பிறகு அடுத்த துண்டு. நிறுத்தும்வரை இதேதான்.

அம்மா பின்னால் நின்று பார்த்தார்.

“இதுக்கு என்னா பாஷை?”

“பைத்தான்மா.”

“நீ எழுதுறது அதுக்குப் புரியுமா?”

“புரியும். எழுத்து ஒன்னு மாறினாத்தான் கோவிச்சுக்கும்.”

“உங்கப்பா மாதிரி” என்றார் அம்மா. அப்பா லாரி ஓட்டுகிறார். அந்த வாரம் ஜோகூருக்குப் போயிருந்தார்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். கோயில் தலைவர், லயத்தின் கடைசி வீட்டில் இருப்பவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளேயே வந்தார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இது கரண்ட செக் பண்ணுமா?”

“ஆமா மாமா. நாள் பூரா செக் பண்ணும். எல்லாத்தையும் எழுதி வச்சிரும்.”

“எல்லாத்தையுமா?”

“ஒன்னு விடாது” என்றேன் பெருமையாக.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அந்தத் தலையாட்டலை நான் கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நிரலை ஓடவிட்டேன். இருநூற்று முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. எட்டு மணிக்கும் அதே. மில்லின் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது, கோடு அசையவில்லை. பத்து மணிக்கு அம்மா அரிசியைப் போட்டார். கல் முணுமுணுத்துக்கொண்டே சுற்றியது, ஒரு முறைகூடத் திணறவில்லை. மதியம் மூன்று மணிவரை ஒரு ‘டிங்’ கூடக் கிடையாது. எங்கள் சோதனை அறையில்கூட அவ்வளவு அழகான மின்சாரத்தை நான் பார்த்ததில்லை.

நிரலில்தான் பிழையோ என்று வரிவரியாகப் படித்தேன். மல்டிமீட்டரை வைத்து ஒத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அம்மா மாவை வாளியில் வழித்துக்கொண்டே சொன்னார். “கரண்டு நல்லாத்தான் இருக்கு. அப்ப மிஷின்தான் ரோசாக், கெட்டுப்போச்சு. சரி விடு. நாளைக்கு அந்தச் சூப்பர்வைசர் அம்மாவுக்கு வாரேன்னு சொல்லிடுறேன்.”

“இன்னும் ஒரு நாள் இருக்கும்மா.”

“ஒரு நாள்ல என்னா மாறும்?”

சமையல்கட்டில் அனலாக இருந்தது. வெளியே வந்தேன். லயமே வெளியில்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வாசற்படியில் உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வீட்டில் துணி துவைக்கும் மிஷின் சும்மா கிடக்க, பெரிய வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டிலும் தொலைக்காட்சிச் சத்தம் இல்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் லயத்தில் தொலைக்காட்சிச் சத்தம் இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது.

“என்னக்கா, கரண்டு போச்சா?”

“போகல லா. நாங்கதான் ஆஃப் பண்ணிட்டோம்.”

“ஏன்?”

அக்கா என்னை விவரம் புரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நீ செக்கிங் வச்சிருக்கேல்ல. உன் கம்பெனி மிஷின்ல போயி நம்ம லயம் கண்டபடி கரண்டு இழுக்குதுன்னு எழுதினா உனக்குத்தானே கெட்ட பேரு. அதான் தலைவரு வீடு வீடா வந்து சொன்னாரு. ரெண்டு நாளைக்கு விசிறிகூட வேணாம், நம்ம புள்ள படிச்ச படிப்பு, கௌரவமா இருக்கணும்னு.”

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். தோட்டக் காலத்தில் துரை லயத்தைப் பார்வையிட வருகிறார் என்றால் முதல் நாளே கால்வாயைக் கழுவி, கோழியை ஒளித்து வைத்து, வாசலில் கோடு கிழித்த மாதிரி எல்லாம் சுத்தமாக இருக்குமாம். பார்த்துவிட்டு அவர் ‘பிரச்சினை ஒன்றுமில்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விடுவாராம், கூரையில் ஓட்டை அப்படியே இருக்கும். துரை போய், தோட்டமும் போய்விட்டது. செக்கிங் என்ற சொல் மட்டும் எங்கள் ஆட்களை இன்னும் நிமிர்ந்து நிற்கவைக்கிறது. அந்தச் சொல்லுக்குத் தலையாட்டி, ‘ஒன்னு விடாது’ என்று பீற்றிக்கொண்டவள் நான்தான்.

“அக்கா, இது யார் வீட்லன்னு எல்லாம் பாக்காது. மொத்தமா லைன்ல எவ்வளவு வருதுன்னுதான் பாக்கும்.”

“நெசமாவா?”

“சத்தியமா. நீங்க எல்லாம் எப்பவும் மாதிரி இருந்தாத்தான் எனக்கு வேலை நடக்கும். இல்லாட்டி எங்கம்மா திங்கக்கிழமை துடைப்பத்தத் தூக்கிக்கிட்டுப் போயிரும்.”

அது வேலை செய்தது. அக்கா பேப்பரைக் கீழே போட்டார். “அத முன்னாடியே சொல்றதுக்கென்னா? வேர்த்து ஊத்துது இங்க” என்று எழுந்து உள்ளே போனார். ஒரு நிமிடத்தில் அவர் வீட்டு விசிறியும், அதைவிடச் சத்தமாக அவர் வீட்டு நாடகமும் ஓடத் தொடங்கின.

ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். பதினான்கு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்வி, அதே சத்தியம். கடைசியில் தலைவர் வீடு. அவர் முகம் தொங்கிவிட்டது.

“உனக்கு நல்லது பண்றதா நெனச்சேன்மா.”

“தெரியும் மாமா. நாளைக்கு மட்டும் கெட்டது பண்ணுங்க.”

சிரித்துவிட்டார். “சரி, நாங்களும் எல்லாத்தையும் போட்டுர்றோம். இஞ்சினியரம்மா ஆர்டரு.”

ஞாயிற்றுக்கிழமை காலை லயம் கொஞ்சம் அதிகமாகவே ஒத்துழைத்தது. ஏழரைக்கெல்லாம் இஸ்திரிப் பெட்டி, துணி மிஷின், யாரோ ஒருவர் வீட்டில் தீபாவளிக்கு மட்டும் திறக்கும் கேக் சுடுகிற ஓவன் எல்லாம் ஓடின. கோடு இருநூற்று முப்பதுக்கு இறங்கி அங்கேயே நின்றது. அது பெரிய விஷயமில்லை. இத்தனை வீடு சேர்ந்து இழுத்தால் அவ்வளவு இறங்கும்.

எட்டு மணி பத்து நிமிடத்தில் ‘டிங்’ என்றது.

பாய்ந்துபோய்ப் பார்த்தேன். நூற்று அறுபத்தெட்டு. சேமித்த துண்டைத் திரையில் விரித்தேன். அலைகள் திடீரென்று பாதாளத்தில் விழுந்து, அங்கேயே கொஞ்சம் கிடந்து, பிறகு மெதுவாகச் சரிவில் ஏறி வந்தன. அந்த வடிவத்தை நான் சோதனை அறையில் நூறு முறை பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய மோட்டார் நின்ற நிலையிலிருந்து எழும்போது அப்படித்தான் இழுக்கும். முதலில் கன்னாபின்னாவென்று இழுத்து, வேகம் பிடிக்கப் பிடிக்கப் பிடியை விடும். அந்த நேரத்தில் அம்மாவின் கல் முழு அரிசியோடு சுற்றிக்கொண்டிருந்தால் நின்றுபோகும். நின்ற கல்லைத் திரும்பக் கிளப்ப அந்த மோட்டாருக்குத் தெம்பு கிடையாது. உறுமும், சூடாகும், எரியும்.

மில்லின் புகைபோக்கியைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, புகையே இல்லை. மில் மூடியிருந்தது.

இருபது நிமிடம் கழித்து மீண்டும் ‘டிங்’. பிறகு ஒன்பது மணிக்கு முன்னால் இன்னொன்று. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“மா, இந்தச் சத்தம் கேட்டா உடனே காதக் குடுத்துக் கேளு. எங்கயாச்சும் ஏதாச்சும் ஓடுதான்னு பாரு.”

“கம்ப்யூட்டர் டிங்குன்னா நான் காதக் குடுக்கணும். தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்குறது நல்லதாப் போச்சு.”

சொன்னாரே தவிர நின்றார். நான்காவது ‘டிங்’ அடித்தது. அம்மா கையைத் தூக்கி என்னைப் பேசாதே என்றார்.

“தண்ணி விழுது.”

“எங்க?”

“கோயில் டாங்கில.”

ஓடினேன். லயத்தின் கோடியில், தலைவர் வீட்டை ஒட்டிக் கோயில். கோயிலுக்குப் பின்னால் உயரத்தில் தண்ணீர்த் தொட்டி. மூன்று மாதத்துக்கு முன்தான் கோயிலுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு, மோட்டார் இறக்கி, தலைவர் வீட்டுக்கு வரும் லைனிலிருந்து அதற்குக் கம்பி இழுத்திருந்தார்கள். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானாகவே ஓடும், நிறைந்தால் தானாகவே நிற்கும். யாரும் சுவிட்ச் போடுவதில்லை. அதனால்தான் கரண்டு விழுவதற்கு அது காரணமாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சனிக்கிழமை தலைவர் அதையும் அணைத்து வைத்திருந்தார். ஞாயிறு காலை கோயில் கழுவுகிற நாள், தொட்டி காலியாகக் காலியாக மோட்டார் விழித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“ஏய், சாமி காரியம். அது மேல பழி போடாத. நான் அந்தத் துப்புரவுக் கெர்ஜாவுக்கே போயிடுறேன்.”

“சாமிய யாரு சொன்னா? மோட்டாரத்தாம்மா சொல்றேன்.”

“மூணு வருஷம் ஆளாளுக்குக் காசு போட்டு வாங்கினது. உங்கம்மா மாவுக்காக அத நிறுத்துன்னு போயி நிப்பியா? ஊரு என்னா பேசும்?”

அம்மாவுக்குச் சூப்பர்வைசரைவிட ஊர்ப் பேச்சுதான் பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நான் தலைவரைப் போய்க் கூட்டி வந்தேன். காரணம் சொல்லவில்லை, ஒரு படம் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் எங்கள் சமையல்கட்டில் ஸ்டூலில் உட்கார்ந்தார். அம்மா தேநீர் கலக்குகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“மாமா, மோட்டார ஓடவிட உங்க பையில கார் சாவி மாதிரி ஒன்னு இருக்குமே?”

“ரிமோட்டா? இருக்கு.” பெருமையோடு சட்டைப் பையிலிருந்து எடுத்தார். “இங்கேருந்தே வேலை செய்யும்.”

“இந்தக் கோட்டப் பாத்துக்கிட்டே அழுத்துங்க.”

அழுத்தினார். ‘டிங்’. கோடு குப்புற விழுந்தது. மேலே எங்கள் விசிறி ஒரு கணம் சோர்ந்து, பிறகு நிமிர்ந்தது. தலைவர் கோட்டைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார். நிறுத்தினார். மீண்டும் அழுத்தினார். ‘டிங்’. ஐந்து முறை அழுத்தினார். ஆறாவது முறை அழுத்த வேண்டாம் என்று நான் கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

“ஆக, மில்லுக்காரன் இல்ல.”

“இல்ல மாமா.”

“மூணு லெட்டர் போட்டோமே.”

“போட்டோம்.”

“அதுல ‘மனசாட்சி இல்லாதவர்கள்’னு எழுதினது யாரு?”

“நாந்தான்.”

“அப்ப நாலாவது லெட்டரும் நீயே எழுது. நல்ல மலாயில எழுது.” அவர் தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் அம்மா திரும்பிப் பார்த்தார். தலைவர் அவர் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னா? ரெண்டு தடவ மோட்டார் எரிஞ்சுதேன்னு நானே உன்கிட்ட வருத்தப்பட்டேன். வருத்தப்பட்டுட்டு வீட்டுக்குப் போயி டாங்கில தண்ணி இருக்கான்னு பாத்திருக்கேன் பாரு.”

“எனக்கும் தெரியாதே அண்ணே” என்றார் அம்மா. குரல் இன்னும் சன்னமாகத்தான் இருந்தது. “கோயிலுக்குத் தண்ணி வேணுமே.”

“தண்ணி யாரு வேணாங்குறா? ஆட்டோமெட்டிக்க எடுத்துட்டு நானே காலைல அஞ்சரைக்கு டாங்க ரொப்பிடுறேன். அப்புறம் சாயங்காலம் ஒரு தடவ. நடுவுல நீ ஆட்டிக்க. நான் என்னா, துரை உத்தியோகமா பாக்குறேன்? சும்மாதானே இருக்கேன்.”

அவருக்கு முழுத் தீர்வும் சொல்ல நான் வாயெடுத்தேன். பழைய லைன், மெல்லிய கம்பி, மின்சாரக் கம்பெனிக்கு எழுதி கோயிலுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும், மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் கருவி ஒன்று உண்டு என்றெல்லாம். அவர் கை காட்டினார். “அதுக்கும் லெட்டர் எழுது. இந்தத் தடவ படத்தோட.”

பகல் பதினொரு மணிக்கு அம்மா அரிசியைக் கல்லில் கொட்டினார். பாதி போடு, பரீட்சைதானே என்றேன். கேட்கவில்லை. முழு ஈடு போட்டார். சுவிட்சைத் தட்டிவிட்டு, பாத்திரம் கழுவப் போகாமல், எதிரே பலகையைப் போட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் மறுபக்கம் மடிக்கணினியோடு. பக்கத்து வீட்டு அக்கா வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, நாடகத்தைவிட இது நன்றாக இருக்கிறது என்றார்.

இருநூற்று முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தைந்து. கல் சுற்றியது. நடுவில் கோயிலிலிருந்து ஆள் வந்து, தொட்டியில் தண்ணீர் குறைகிறது, தலைவர் போடவிட மாட்டேன் என்கிறார், எப்போது முடியும் என்று கேட்டுப் போனார். அம்மாவுக்குக் கூச்சமாகிவிட்டது. நிறுத்திவிடவா என்று எழுந்தார். அதற்குள் தலைவரே சைக்கிளில் வந்து, “உக்காரு தங்கச்சி, சாமி அரை மணி நேரம் காத்திருக்கும், மாவு காத்திருக்காது” என்று சொல்லிவிட்டு இறங்காமலே திரும்பினார்.

ஒரு மணி நேரம் ஓடியது. பத்து நிமிடம் கூடவே ஓடியது. அம்மா மாவைக் கையில் எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். பிறகு மோட்டாரின் மேல் புறங்கையை வைத்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. வைத்த கையை எடுக்கவில்லை. சுடவில்லை என்று அர்த்தம்.

நிரல் அந்த நேரம் முழுவதும் ஒரு ‘டிங்’ கூடச் சொல்லவில்லை.

“இத ஒரு காகிதத்துல எடுத்துத் தருவியா?” என்று திரையைக் காட்டிக் கேட்டார் அம்மா.

“எதுக்குமா? நேர்க்கோடுதானே.”

“நேர்க்கோடுதான் வேணும்.”

மாவை வாளியில் வழித்து, மூடி, கை கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். திங்கட்கிழமை காலைவரை அவகாசம் இருக்கிறதே, இன்னும் இரண்டு ஈடு ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லலாமே என்றேன். பைத்தான் எழுதுகிறவளுக்குச் சோதனை போதவே போதாது.

அம்மா என்னைக் கவனிக்கவில்லை. அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

“ஆங், நாந்தான். நாளைக்கு வரல. இல்ல, அடுத்த வாரமும் வரல.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் அவருடைய வழக்கமான உயரத்துக்கு, லயத்தின் கோடிவரை கேட்கும் உயரத்துக்கு, ஏறியிருந்தது. “எனக்கு இங்கயே வேலை இருக்கு. உங்களுக்கு மாவு வேணும்னா சொல்லுங்க, கிலோ கணக்குல குடுத்து விடுறேன்.”